கிறிஸ்துமஸ் மேஜைக்கு எந்த ஒயின்?

நவம்பர் இரண்டாம் வாரம் வந்துவிட்டால் அந்த வீட்டு அம்மா கூடையை எடுத்துக்கொண்டு தேவராஜா மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார். கணக்கு எளிது. டிசம்பர் 24 நள்ளிரவிலிருந்து நாற்பது நாள் பின்னோக்கி எண்ணினால் நவம்பர் 14. அன்றைக்குள் பரணியில் திராட்சை விழுந்தாக வேண்டும். கல்யாணமாகி மைசூருக்கு வந்த நாளிலிருந்து, கணவர் இறந்த ஒரு வருடம் தவிர, இந்தக் கணக்கு தவறியதில்லை. (2014-ல் ஊரின் பெயர் மைசூரு ஆகிவிட்டது. வீட்டில் இன்னும் மைசூர்தான்.)

இந்த முறையும் போனார். கறுப்பு திராட்சை குவிந்திருந்த கடையின் முன்னால் நின்றார். பல வருடப் பழக்கமுள்ள கடைக்காரர் தராசை எடுத்து வைத்துக்கொண்டு, "ஏனம்மா, ஈ வர்ஷ பேட்வா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் அடுத்த கடைக்கு நகர்ந்து, இரண்டு டஜன் எலுமிச்சையும் கால் கிலோ இஞ்சியும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

எழுபத்து நாலு வயதில் ஒரு பழக்கத்தை விடுவது சுலபமல்ல. அதுவும் கைராசிக்காரி என்று தெருவே பாராட்டிய பழக்கத்தை.

புனித பிலோமினா ஆலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் தெரியும் தூரத்தில் இருக்கிறது அந்த வீடு. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் 1843-ல் எழுந்த சிறிய ஆலயம் இருந்த இடத்தில், நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1933-ல் அடிக்கல் நாட்ட, ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தை மாதிரியாக வைத்துக் கட்டப்பட்டது இன்றைய ஆலயம். அதைச் சுற்றியுள்ள தெருக்களில் தமிழ் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இருக்கின்றன. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். டிசம்பர் பிறந்தால் இந்தத் தெருக்களில் மூன்று வாசனைகள் வரும்: கல்கல் பொரியும் எண்ணெய், கேக்குக்கு ஊறும் பழங்கள், பரணியில் புளிக்கும் திராட்சை.

அம்மா பிறந்தது கம்பம் பள்ளத்தாக்கில். அங்கே விளைவது பன்னீர் திராட்சை. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தது என்று ஊரில் சொல்வார்கள். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. மாமியார் வீட்டுக்கு வந்தபோது இங்கே கிடைத்ததோ பெங்களூர் ப்ளூ. தடித்த தோல், வழுக்கும் சதை, கொட்டை, மூக்கைத் துளைக்கும் தனி வாசனை. பெங்களூரைச் சுற்றியும் சிக்கபள்ளாப்பூர், கோலார் பக்கத்திலும் விளைவது. ஆண்டுக்கு இரண்டு அறுவடை தருவது. இதற்கும் 2013-லிருந்து புவிசார் குறியீடு உண்டு. ஒயின் நிபுணர்கள் இந்த வாசனையைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஐரோப்பாவின் உயர்ரக ஒயின் திராட்சை வேறு இனம், இது அமெரிக்க இனத்தின் வாரிசு. ஆனால் கிறிஸ்துமஸ் ஒயின் என்றால் தென்னிந்தியாவில் பலரது நாக்கு எதிர்பார்ப்பது இந்த வாசனையைத்தான்.

அம்மாவின் முறையில் ரகசியம் எதுவுமில்லை. மூன்று கிலோ திராட்சை, இரண்டு கிலோ சர்க்கரை, கொதித்து ஆறிய தண்ணீர், ஒரு கைப்பிடி கோதுமை, பட்டை, கிராம்பு, அரை ஸ்பூன் ஈஸ்ட். எல்லாம் சீனா பரணிக்குள். வாயில் வேட்டித் துணி. இறுக்கி மூடக் கூடாது, வாயு வெளியேற வழியில்லாவிட்டால் பரணி வெடிக்கும். தினமும் காலையில் மரக்கரண்டியால் ஒரு கிளறல். இருபத்தோராம் நாள் வடிகட்டு. மீதி நாட்கள் அசையாமல் தெளிய விடு. இருட்டு அறையில், அரிசிப் பீப்பாய்க்குப் பக்கத்தில்.

வீட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிக்கக் கூடாது என்று கர்நாடகக் கலால் சட்டம் 1965-லிருந்தே சொல்கிறது. 2019 டிசம்பரில் கேரளக் கலால் துறை வீட்டு ஒயின் விஷயத்தில் எச்சரிக்கை விடுத்தபோது அங்கே பெரிய சலசலப்பே எழுந்தது. அம்மாவிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். "மதுவா? நான் எங்கேடா மது காய்ச்சினேன்? இது திராட்சை ரசம்."

சிக்கல் ஆரம்பித்ததே இந்தச் சொல்லில்தான்.

தமிழ் வேதாகமத்தில் கானா ஊர்க் கல்யாணத்தில் தண்ணீர் மாறியது திராட்சை ரசமாக. பூசையில் குருவானவர் உயர்த்துவது திராட்சை ரசம். பழக்கடையில் பிழிந்து ஐஸ் போட்டுத் தருவதும் திராட்சை ரசம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இரண்டு சொல் உண்டு. தமிழில் பாதி ஜனங்கள் ஒரே சொல்லைத்தான் புழங்குகிறார்கள். அம்மா ஐம்பது வருடம் காய்ச்சியது எது என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவேண்டிய அவசியமும் வரவில்லை. சென்ற கிறிஸ்துமஸ் வரை.

மூத்த மகன் குடிப்பவர். குடித்தவர் என்று இப்போது சொல்ல வேண்டும். நாற்பத்தெட்டு வயது. இருபது வருடம் மெதுவாகக் கூடிக்கொண்டே போன குடி. சம்பளம், மனைவியின் வளையல், ஒரு ஸ்கூட்டர், உடன்பிறந்தவர்களோடு பேச்சுவார்த்தை என்று ஒவ்வொன்றாகப் போனது. சென்ற ஆண்டு ஜூலையில் பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்து ஒரு மாதம் இருந்து வந்தார். வெளியே வரும்போது கையில் ஒரு மாத்திரைச் சீட்டு. டைசல்ஃபிரம்.

இந்த மாத்திரைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. ரப்பர் தொழிற்சாலைகளில் பயன்பட்ட ரசாயனம் இது. அந்தத் தொழிலாளர்கள் குடித்தால் முகம் சிவந்து உடம்பு படுத்துவதை 1930-களிலேயே ஒரு மருத்துவர் கவனித்தார். 1940-களின் கடைசியில் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் அதைக் குடிநோய்க்கு மருந்தாக்கினார்கள். உடம்புக்குள் போகும் ஆல்கஹால் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாகி, பிறகு அதுவும் உடைந்து வெளியேறும். இந்த இரண்டாவது படியை மாத்திரை தடுத்துவிடுகிறது. நச்சு ரத்தத்தில் தேங்குகிறது. முகம் கொதிக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் விழும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த விளைவு இருக்கலாம். குடிக்கும் ஆசையைக் குறைக்கும் மருந்து அல்ல இது. குடித்தால் என்ன ஆகும் என்ற பயத்தை உடம்பிலேயே எழுதிவைக்கும் மருந்து. இருமல் மருந்தில் உள்ள ஆல்கஹால்கூட ஆகாது என்று மருத்துவர்கள் எச்சரித்துத்தான் கொடுக்கிறார்கள்.

மூத்தவர் வீட்டில் சொல்லித்தான் வைத்திருந்தார். "பிராந்தி, விஸ்கி எதையும் தொடக் கூடாதாம்மா." அம்மாவும் தலையாட்டினார். பிராந்தி, விஸ்கி அந்த வீட்டுக்குள் அவர் அறிந்து வந்ததில்லை.

சென்ற டிசம்பர் 24. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து எல்லோரும் வீடு வந்தார்கள். வழக்கம்போலக் குடிலுக்கு முன்னால் ஜெபம். வழக்கம்போல கேக். வழக்கம்போல ஆளுக்கொரு சின்ன டம்ளரில் பரணி ஒயின், அம்மா கையால். மூத்தவரின் முறை வந்தபோது அவர் தயங்கினார்.

"எனக்கு வேணாம்மா."

"அட, இது ரசம்டா. குழந்தைகளே குடிக்குது பார்."

அவர் வாங்கிக் குடித்தார். ஏன் குடித்தார் என்பதற்குப் பிற்பாடு இரண்டு பதில் சொன்னார். எல்லோர் முன்னாலும் அம்மாவின் கையைத் தட்ட முடியவில்லை என்பது ஒன்று. ஐந்து மாதமாக இப்படி ஒரு கை நீள்வதற்குத்தான் காத்திருந்தேன் என்பது இன்னொன்று. இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கழுத்திலிருந்து நெற்றி வரை செக்கச் சிவந்தது. குளியலறை வாசலில் உட்கார்ந்துவிட்டார். இரவு இரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினார்கள். பணியில் இருந்த இளம் மருத்துவர், "என்ன குடித்தார்?" என்று கேட்டார். அம்மா உறுதியாகச் சொன்னார்: "ஒண்ணும் குடிக்கலை டாக்டர். கொஞ்சம் திராட்சை ரசம்தான்."

அந்த ஒரு வாக்கியத்தால் கால் மணி நேரம் வீணானது என்பார் பெரிய மருமகள். மாரடைப்பா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்தான் மாத்திரை அட்டையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். விடியும்போது ஆபத்து நீங்கியிருந்தது. பிரியாணி அரிசி ஊறியபடியே கிடந்தது.

*

அம்மாவின் பரணியில் என்ன இருந்தது என்பது ரசாயனப் புத்தகக் கணக்கு. ஈஸ்ட், சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் தருகிறது. ஒரு லிட்டரில் சுமார் 17 கிராம் சர்க்கரை புளித்தால் ஒரு சதவீத ஆல்கஹால். அம்மா போடும் சர்க்கரையின் அளவுக்கு ஈஸ்டே மயங்கிச் செத்துப்போகும் வரை ஆல்கஹால் ஏறும். பத்து, பன்னிரண்டு சதவீதம் தாராளமாக இருக்கும். மிச்சச் சர்க்கரை இனிப்பாக நின்றுவிடுவதால் நாக்குக்குத் தெரியாது. 150 மில்லி டம்ளரில் சுமார் 16 மில்லி சுத்த ஆல்கஹால். 30 மில்லி விஸ்கியில் இருப்பது 13 மில்லிக்குள்தான்.

இந்தக் கணக்கைப் போட்டவர் இளையவர். பெங்களூரில் கணினி நிறுவனமொன்றில் வேலை. நந்தி மலை அடிவாரத் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து வந்ததிலிருந்து ஒயின் பற்றி நிறையப் பேசுவார். இந்த ஆண்டு விருந்துக்கு நான் ஒயின் தேர்ந்தெடுக்கிறேன் என்று அக்டோபரிலேயே அறிவித்துவிட்டார். அவர் வாதம் நியாயமாகவே பட்டது. "கடை பாட்டிலில் சதவீதம் அச்சடிச்சிருக்கும் அண்ணி. யாருக்கு ஊத்தணும், யாருக்கு ஊத்தக் கூடாதுன்னு தெரியும். அம்மா பரணி மேல லேபிள் இருக்கா?"

தேர்வு செய்ய ஏராளமாக இருக்கிறது என்பதும் உண்மை. இந்திய ஒயின் என்றால் தித்திக்கும் கோல்கொண்டா ரூபி என்ற காலம் ஒன்று இருந்தது. 1980-களில் மகாராஷ்டிரத்தின் நாராயண்காவில் நுரை பொங்கும் ஒயின் தயாரித்துப் பிரான்சுக்கே அனுப்பினார்கள். 1988-ல் கன்வல் குரோவர் தொட்டபள்ளாப்பூர் அருகே பிரெஞ்சு ரகங்களை நட்டார். 2000-ல் நாசிக்கிலிருந்து சூலா வந்தது. கர்நாடக அரசு 2007-ல் தனி ஒயின் கொள்கையே போட்டது. இன்று பெங்களூர் - மைசூர் சாலையில், பொம்மைக்குப் பெயர்போன சென்னபட்டணம் பக்கத்திலேயே ஓர் ஒயின் ஆலையைப் பார்க்கலாம்.

டிசம்பர் முதல் ஞாயிறு. இளையவர் மூன்று பாட்டில்களோடு வந்து இறங்கினார். மூத்தவர் அன்று ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் ஒத்திகை. அந்த வீட்டு கிறிஸ்துமஸ் மதிய சாப்பாட்டில் மட்டன் பிரியாணி, கோழி வறுவல், பக்கத்து வீட்டுக் குடகுக்காரம்மாவிடம் கற்ற பன்றிக் கறி ஆகிய மூன்றும் மாறாதவை. கச்சம்புளியின் கறுத்த புளிப்பும் மிளகும் சேர்ந்த அந்தப் பன்றிக் கறிக்கு இளையவர் எடுத்து வைத்தது ஷிராஸ், திடமான சிவப்பு ஒயின். சிவப்பு இறைச்சிக்குச் சிவப்பு ஒயின் என்று அவர் படித்த புத்தகம் சொன்னது.

அம்மா ஒரு வாய் கறி, ஒரு வாய் ஒயின். "கஷாயம்" என்றார்.

அவர் சொன்னதில் தவறில்லை. அந்தப் புத்தகம் மிளகாய் இல்லாத சமையலறையில் எழுதப்பட்டது. சிவப்பு ஒயினில் துவர்ப்பு இருக்கிறது, திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. காரம்பட்ட நாக்கில் அந்தத் துவர்ப்பு கசப்பாக ஏறும். ஆல்கஹால் வேறு மிளகாயின் எரிச்சலைக் கிளப்பிவிடும். காரத்தை அடக்குவது இனிப்பும் குளிர்ச்சியும்தான். இரண்டாவது பாட்டில் செனின் பிளாங்க், லேசாக இனிப்பு தங்கிய வெள்ளை ஒயின். நன்றாகக் குளிர்ந்திருந்தது. பிரியாணியோடு அது சண்டை போடவில்லை. மூன்றாவதான ரோஸ், கோழி வறுவலோடு ஒத்துப்போனது. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறு என்ற உபதேசமும் ஐரோப்பிய அறைக்குத்தான், அதாவது பதினாறு, பதினெட்டு டிகிரிக்கு. மைசூரின் டிசம்பர் மதியத்தில் அதையும் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால்தான் மரியாதையாக நடந்துகொள்ளும்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. காரத்துக்கு இனிப்பு, துவர்ப்பு குறைவு, பழ வாசனை தூக்கல் என்று நிபுணர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் பொருத்தம் எல்லாம் அம்மாவின் பரணி ஒயினில் ஐம்பது வருடமாக இருந்தது. பெரிய மருமகள் அதைச் சொல்லியும் விட்டார். அம்மாவின் முகம் ஒரு கணம் மலர்ந்து சட்டென்று அடங்கியது.

மூத்தவர் திரும்பி வந்தபோது டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. ஆனால் அறையில் வாசனை நின்றது. குடியை விட்டவரின் மூக்குக்கு அது போதும்.

"என்ன ஒத்திகையா?" என்றார்.

யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் சேர்ந்து பேசினார்கள். இந்த வீட்டுக்குள் ஒரு சொட்டும் வரக் கூடாது, குறைந்தது முதல் இரண்டு வருடமாவது என்று மருமகள். மருத்துவமனையில் குடும்பத்தாருக்கு நடத்திய வகுப்பிலும் அதையே சொன்னார்கள். ஒருவருக்காக வீடு முழுக்கத் தவக்காலமா, அண்ணனுக்கு மன உறுதி வேண்டாமா என்று இளையவர். மன உறுதி என்ற சொல்லைக் கேட்டதும் மருமகள் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். இருபது வருடம் அந்தச் சொல்லை அவர் கேட்டிருக்கிறார். குடிநோய் மன உறுதிக் குறைவு அல்ல, நோய் என்று மருத்துவர்கள் எத்தனை முறை சொன்னாலும் குடும்பங்களின் காதில் கடைசியாகத்தான் ஏறுகிறது.

கடைசியில் மூத்தவர்தான் பேசினார். "எனக்காக யாரும் விரதம் இருக்க வேண்டாம். மேஜை மேல இருக்கிற எதுல அது இருக்கு, எதுல இல்லைன்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான். சொல்லாம வைக்காதீங்க."

அப்போதுதான் கேக்கின் நினைவு வந்தது. பழங்கள் அக்டோபரிலிருந்து ரம்மில் ஊறிக்கொண்டிருந்தன. அடுப்பில் வைத்தால் எல்லாம் ஆவியாகிவிடும் என்பது பாதி உண்மை, கொஞ்சம் தங்கும். வெந்த பிறகு மேலே தெளிப்பது அப்படியே இருக்கும். மருமகள் அன்றே ஆரஞ்சுச் சாற்றில் தனியாகப் பழம் ஊறப்போட்டார். இரண்டு கேக், இரண்டு வடிவம். வட்டத்தில் ரம், சதுரத்தில் ஆரஞ்சு. இளையவர் ஆல்கஹால் நீக்கிய ஒயின் கிடைக்கிறதே என்றார். அதிலும் அரை சதவீதம் வரை இருக்கலாம் என்று லேபிளே சொல்கிறது. மாத்திரை சாப்பிடுபவருக்கு வேண்டாம் என்று மருத்துவர் தொலைபேசியில் முடித்துவிட்டார்.

*

அம்மாவின் பிரச்சினை வேறு. நள்ளிரவில் குடிலுக்கு முன்னால் தன் கையால் ஊற்றிக் கொடுக்க ஒன்று வேண்டும். கடைப் பாட்டில் மகனின் தேர்வு. அதில் இவர் பங்கு என்ன?

பங்குத் தந்தையிடம் போய்ப் புலம்பினார். ஆண்டவரே திராட்சை ரசத்தைத்தானே ஆசீர்வதித்தார், அது எப்படிச் சாமி விஷமாகும்? குருவானவர் ஒரு சங்கதி சொன்னார். பூசைக்குரிய ரசம் திராட்சையிலிருந்து வந்த, கெடாத, இயற்கையான ஒயினாக இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஆனால் குடிநோயால் அவதிப்படும் குருக்களும் உலகில் உண்டு. அவர்கள் ஆயரிடம் அனுமதி பெற்று, புளிப்பு ஏறவிடாமல் தடுத்த திராட்சைச் சாற்றைப் பயன்படுத்தலாம் என்று ரோமாபுரியே 2003-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது. பீடத்திலேயே இடம் இருக்கும்போது உங்கள் வீட்டு மேஜையில் இருக்கக் கூடாதா என்றார்.

உண்மையில் இது பழைய யோசனை. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர், தன் மெதடிஸ்ட் சபையில் நற்கருணைக்கு மது கூடாது என்று கருதி, 1869-ல் திராட்சைச் சாற்றைப் பாட்டிலில் அடைத்து வெந்நீரில் சூடாக்கி, புளிக்காமல் நிறுத்திக் காட்டினார். ஒயின் கெடுவதைத் தடுக்க லூயி பாஸ்டர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு கண்டுபிடித்த முறை அது. ஒயினைக் காப்பாற்றப் பிறந்த வித்தை ஒயின் ஆகாமல் தடுக்கப் பயன்பட்டது. வெல்ச் பயன்படுத்திய கான்கார்ட் திராட்சை பெங்களூர் ப்ளூவுக்கு உறவுமுறை, அதே முரட்டு வாசனை. நிபுணர்கள் ஒயினில் வெறுக்கும் அந்த வாசனைதான் சாற்றுக்கு அழகு.

அம்மா மறுபடி தேவராஜா மார்க்கெட்டுக்குப் போனார். கடைக்காரர் இந்த முறை ஒன்றும் கேட்காமல் மூன்று கிலோ நிறுத்தார்.

முதல் முயற்சி பாழ். பழக்கதோஷத்தில் பிழிந்த சாற்றைப் பரணியில் ஊற்றித் துணி கட்டிவிட்டார். மூன்றாம் நாள் நுரை தள்ளிற்று. திராட்சைத் தோலிலேயே ஈஸ்ட் உண்டு, ஐம்பது வருடப் பரணியின் உள் சுவரிலும் மரக்கரண்டியிலும் சொல்லவே வேண்டாம். யாரும் ஈஸ்ட் போடாமலே அது ஒயினாகத் தொடங்கியிருந்தது. அம்மா வெகு நேரம் அந்த நுரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கொல்லையில் கொண்டுபோய்க் கொட்டினார்.

இரண்டாவது முறை பரணி வேண்டாம் என்று முடிவானது. திராட்சையைத் தோலோடு மசித்து, எவர்சில்வர் பாத்திரத்தில் கொதி வராமல் ஆவி பறக்கும்வரை சூடாக்கினார். தோலின் சாயம் இறங்கிப் பழைய ஒயின் நிறமே வந்தது. வடிகட்டிச் சூட்டோடு சூடாக, வெந்நீரில் போட்டெடுத்த பாட்டில்களில் நிரப்பி மூடினார். சர்க்கரை கொஞ்சம்தான். பிறகு பட்டை, கிராம்பு டப்பாவை எடுத்தார்.

வாசலில் நின்றுகொண்டிருந்த மூத்தவர், "அம்மா, அது வேண்டாம்" என்றார்.

"எதுடா? இதுல என்ன இருக்கு? கிராம்புதானே?"

"ஒண்ணும் இல்லைதான். ஆனா எனக்கு அந்த வாசனைதான் ஒயின்."

அம்மாவுக்கு உடனே புரியவில்லை. சாற்றில் ஆல்கஹால் இல்லாவிட்டால் போதும் என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். நாக்குக்கும் மூக்குக்கும் தனி ஞாபகம் உண்டு என்பதை, அந்த ஞாபகத்தோடு தினம் மல்லுக்கட்டுபவர்தான் சொல்ல முடியும். டப்பாவை மூடி அலமாரியில் வைத்தார். கூடையில் நவம்பரில் வாங்கிய எலுமிச்சையில் நாலைந்து வாடாமல் மிச்சமிருந்தன. இஞ்சி இருந்தது. இரண்டையும் தட்டிப் பிழிந்து சேர்த்தார். ருசி பார்த்துவிட்டு, "பரவாயில்லை" என்றார். அந்த வீட்டில் அம்மா தன் சமையலை இதற்குக் குறைவாகச் சொன்னதில்லை.

பேரன் நோட்டுத்தாளைக் கிழித்து லேபிள் ஒட்டினான். என்ன எழுதுவது என்று கேட்டான். திராட்சை ரசம் என்று எழுதப் போனவனை அம்மா தடுத்தார். "சாறுன்னு எழுது."

டிசம்பர் 24 நள்ளிரவு. ஆலயத்தில் கூட்டம் படிக்கட்டு வரை வழிந்தது. நற்கருணையில் மக்களுக்கு அப்பம் மட்டும்தான் என்பதால் மூத்தவருக்கு அங்கே சங்கடம் இல்லை. வீட்டுக்கு வந்து, ஜெபம் முடிந்து, சதுர கேக்கை வெட்டினார்கள். அம்மா ஊற்றிக் கொடுத்தார். டம்ளரை வாங்கிய மூத்தவர் லேபிளைப் பார்த்தார். பிறகு யாரும் கவனிக்காதபோது, அல்லது அப்படி அவர் நினைத்தபோது, டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். அம்மா பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. தன் டம்ளரை எடுத்து எல்லோருக்கும் முன்னால் முழுவதையும் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மகன் குடித்தார்.

மறுநாள் மதியம் இளையவரின் பாட்டில்கள் மேஜையின் மறுகோடியில் இருந்தன. இரண்டு செனின் பிளாங்க், ஒரு ரோஸ். ஷிராஸ் பெங்களூரிலேயே தங்கிவிட்டது. மாப்பிள்ளையும், இளையவரும் அவர் மனைவியும், சென்னையிலிருந்து வந்த சித்தப்பா மகனும் குடித்தார்கள். குளிர்ந்த வெள்ளை ஒயின் பிரியாணிக்கு நன்றாகவே இருந்தது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மூத்தவர் இந்தக் கோடியில் உட்கார்ந்து பன்றிக் கறியை மூன்று முறை போட்டுக்கொண்டார். ஒரு தடவை மட்டும் எழுந்து வாசல்வரை போய், ஐந்து நிமிடம் நின்று, திரும்பி வந்தார். மருமகள் அந்த ஐந்து நிமிடமும் சாப்பிடவில்லை.

26-ஆம் தேதி காலை இளையவர் காரில் சாமான் ஏற்றினார். மருமகள் மேஜைக்கடியிலிருந்து பாட்டில்களை எடுத்து வந்தார். காலி இரண்டு, பாதி மிச்சமுள்ளது ஒன்று. விரல்விட்டு எண்ணினார். பாதியுள்ள பாட்டிலின் கார்க்கை உள்ளங்கையால் அழுத்தி மூடினார்.

"அண்ணி, அதை இங்கேயே வச்சிடுங்க. புத்தாண்டுக்கு வருவேன்."

"நீங்க வரும்போது எடுத்துட்டு வாங்க தம்பி" என்று சொல்லி, கார்க் கதவைத் திறந்து, பாட்டிலை முன் இருக்கைக்குக் கீழே அவரே வைத்தார்.